மலையிலிருந்து இறங்கி நேர்காணலுக்கு: உடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் வசிக்கிறேன், பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படித்தவன். அந்த ஒரு தகுதியை நம்பி, நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கமிருந்தும் பொதுச் சுகாதாரம், மருத்துவமனை நிர்வாகம், இயன்முறை மருத்துவம், செவிலியம், மருந்தியல் ஆகிய முதுகலைப் படிப்புகளின் சேர்க்கை நேர்காணலுக்குப் புறப்படும் இளைஞர்கள் என்னிடம் சந்தேகம் கேட்பது வழக்கமாகிவிட்டது. பாடத்தைப் பற்றிக் கேட்பவர்களைவிட உடையைப் பற்றிக் கேட்பவர்களே அதிகம். இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் வீட்டு வாசலில் காரில் ஏறி நேர்காணல் வாசலில் இறங்குபவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. விடியுமுன் மூடுபனியில் முதல் பேருந்துக்குக் காத்து நிற்பவர்களுக்கு அவை பாதிதான் உதவும்; மீதிப் பாதிக்காக இந்தப் பதில்களை எழுதி வைக்கிறேன்.

முதுநிலை மருத்துவப் படிப்பு எல்லாவற்றுக்கும் நேர்காணல் உண்டா?

இல்லை. எம்.டி., எம்.எஸ். இடங்கள் நீட் முதுநிலைத் தேர்வின் தரவரிசைப்படி கலந்தாய்வில் ஒதுக்கப்படுகின்றன. அங்கே நேர்காணல் கிடையாது. சான்றிதழ் சரிபார்ப்புக்குச் செல்லும் நாளில் சுத்தமான, சாதாரண உடையே போதும். பொதுச் சுகாதாரம், மருத்துவமனை நிர்வாகம் போன்ற படிப்புகளுக்கு எழுத்துத் தேர்வோடு நேர்காணலும் வைக்கிற நிறுவனங்கள் இருக்கின்றன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் காணொளியில் பேசுகின்றன. அழைப்புக் கடிதத்தில் உடை பற்றி ஒரு வரி இருந்தால், இங்கே நான் எழுதியிருப்பது எல்லாவற்றையும்விட அந்த வரிக்கே மதிப்பு கொடுங்கள்.

ஆண்கள் என்ன உடுத்துவது சரி?

வெளிர் நிற முழுக்கைச் சட்டையும் அடர் நிறக் கால்சட்டையும் எந்த ஊரிலும் தவறாகப் போனதில்லை. சட்டை வெள்ளையாகவோ வெளிர் நீலமாகவோ இருக்கலாம். கால்சட்டை அடர்நீலம் அல்லது கருஞ்சாம்பலாக இருந்தால் நல்லது. வெள்ளைச் சட்டைக்குக் கறுப்புக் கால்சட்டை போட்டால் உணவக ஊழியர் போலத் தெரியுமே என்று ஒரு தம்பி கவலைப்பட்டார். அப்படி யாரும் நினைக்க மாட்டார்கள் என்றாலும், அந்த எண்ணத்தோடு உள்ளே போவதைவிடச் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடுவது நல்லது என்றேன். பெல்ட்டும் ஷூவும் ஒரே நிறத்தில் இருக்கட்டும். காலுறை, உட்காரும்போது கணுக்காலின் தோல் தெரியாத அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும்.

மலைக்காரர்களுக்கு மட்டுமே உரிய ஒரு பழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஆண்டு முழுவதும் ஸ்வெட்டருக்குள் சட்டை போட்டுப் பழகிய நம்மில் பலர், வெளியே தெரிகிற காலரை மட்டும் இஸ்திரி போட்டுவிட்டு மீதியை அப்படியே விட்டுவிடுவோம். கல்லூரிக் காலம் முழுக்க நானும் அப்படித்தான் இருந்தேன். கீழே போனதும் ஸ்வெட்டரைக் கழற்றத்தான் வேண்டும். அப்போது முதுகும் கையும் கசங்கலாய்க் கிடக்கும். ஆகவே சட்டை முழுவதையும் இஸ்திரி போடுங்கள். அக்குளருகே தையல் விட்டிருக்கிறதா, கழுத்துப் பொத்தான் போட்டால் மூச்சு முட்டாமல் இருக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் சேலை கட்ட வேண்டுமா, சுரிதார் போதுமா?

இரண்டுமே முறையான உடைகள்தாம். சேலை கட்டியவருக்குக் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும் என்பது வெறும் நம்பிக்கை. உங்களுக்கு எது பழக்கமோ அதை அணிவதே சரி. கூச்சமில்லாமல் மாடிப்படி ஏறவும், நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவும், கீழே விழுந்த பேனாவைக் குனிந்து எடுக்கவும் அந்த உடை இடம் தர வேண்டும்.

சேலை என்றால், பட்டும் சரிகையும் திருமணத்தை நினைவூட்டும். பருத்தியோ, கோராவைப் போன்ற மெல்லிய கலப்புத் துணியோ பொருத்தம். கொடைக்கானல் பக்கத்தவர்களுக்கு அடிவாரத்திலேயே, காந்திகிராமத்தை ஒட்டிய சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை கிடைக்கிறது. கஞ்சி போட்ட பருத்தி கம்பீரமாக இருக்கும் என்றாலும், 2 மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்து எழுந்தால் முன்மடிப்பு முழுவதும் நொறுங்கிவிடும். அதை நேர்காணல் நடக்கும் ஊரில் கட்டிக்கொள்வதானால் மட்டும் எடுத்துச் செல்லுங்கள். தோளிலும் முன்மடிப்பிலும் ஊக்கு குத்தி, முந்தானையை மடித்து விடுவது, கையில் கோப்போடு நடக்கும்போது உதவும். நேர்காணலுக்காகவே முதன்முறையாகச் சேலை கட்டுபவர்கள், முந்தின வாரம் ஒரு நாள் வீட்டில் 2 மணி நேரம் கட்டிக்கொண்டு வேலை செய்து பாருங்கள். அரை மணிக்கு ஒரு தடவை கை தானாகத் தோளுக்குப் போகிறது என்றால், சுரிதாருக்கு மாறிவிடுங்கள்.

சுரிதார் என்றால் மேல்சட்டை முழங்காலுக்குக் கீழே வருவதும், துப்பட்டாவை இரு தோளிலும் ஊக்கால் பொருத்திவிடுவதும் போதும். சட்டையும் கால்சட்டையும் அணிவதிலும் தவறில்லை.

நீட் தேர்வுக்கு அரைக்கைச் சட்டையும் செருப்பும்தானே போடச் சொன்னார்கள்? இதற்கும் அதேதானா?

ஒவ்வொரு ஆண்டும் ஒருவராவது இதைக் கேட்கிறார். கேட்பதில் நியாயமும் இருக்கிறது. இளநிலை நீட் தேர்வில் முழுக்கைச் சட்டையையும் ஷூவையும் தவிர்க்கச் சொல்வது முறைகேட்டைத் தடுப்பதற்கான சோதனை ஏற்பாடு. அந்த விதி தேர்வுக்கூடத்தோடு முடிந்தது. நேர்காணலுக்கு முழுக்கையும் மூடிய ஷூவும்தான் முறை.

கோட்டும் டையும் கட்டாயமா?

நம் நாட்டு நிறுவனங்களில் கட்டாயமில்லை. மருத்துவமனை நிர்வாகப் படிப்புக்கு வருபவர்களில் கோட் அணிந்தவர்களைக் கூடுதலாகக் காணலாம். பொதுச் சுகாதாரத்துக்கு வருபவர்களில் குறைவு. களப்பணி சார்ந்த படிப்புக்கு, மே மாதக் கோவையில், அண்ணனின் திருமணக் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கும் பேராசிரியருக்கு முதலில் தோன்றுவது பரிதாபமாகத்தான் இருக்கும். தோள்பட்டை சரியாக அமையாத இரவல் கோட்டைவிட, அளவான சட்டை எவ்வளவோ மேல்.

வெளிநாட்டு அழைப்பில் ‘பிசினஸ் புரொபஷனல்’ என்று இருந்தால், அது கோட்டும் டையும், அல்லது பெண்களுக்குக் கோட்டோடு கூடிய முறையான உடை என்று பொருள்படும். ‘பிசினஸ் கேஷுவல்’ என்றால் டை வேண்டாம், கோட் விருப்பம். இரண்டையும் ஒன்றென எண்ணிவிட வேண்டாம்.

மலையிலிருந்து இறங்கும் அன்று எதை உடுத்திக்கொண்டு பேருந்தில் ஏறுவது?

நேர்காணல் உடையைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் உடுத்துங்கள். இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்வதற்குக் காரணம், நம் பிள்ளைகளின் உடை கெடுவது கடையிலோ அலமாரியிலோ இல்லை, கொண்டை ஊசி வளைவுகளில்தான் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 300 மீட்டருக்குச் சற்று மேல். 1,000 மீட்டர் இறங்கினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி உயரும் என்ற பொதுக் கணக்கின்படி, அடிவாரம் சேர்வதற்குள் 12 டிகிரி கூடிவிடும். அதிகாலைக் குளிரிலிருந்து முற்பகல் வெயிலுக்கு வருவதையும் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் அதிகம். கொடைக்கானலும் 2,100 மீட்டருக்கு மேல் இருப்பதால், வத்தலக்குண்டுக்கு இறங்குபவர்களுக்கும் இதே கதைதான். இறங்கும் வழியில் பர்லியாறு தாண்டும்போது ஸ்வெட்டரைக் கழற்றுவோம்; பிறகு கல்லாறில் உள்பனியன் ஈரம், மேட்டுப்பாளையத்தில் சட்டையின் முதுகு என்று வியர்வை படிப்படியாக வெளியே வரும். வெளிர் நீலச் சட்டையில் வியர்வை படிந்த இடம் அடர்நீலமாகத் தெரியும் என்பதை அந்தப் பயணத்தில்தான் பலர் கண்டுபிடிக்கிறார்கள்.

வளைவுகளில் வாந்தி எடுப்பவர்கள் இன்னொரு காரணம். உங்களுக்கு வராவிட்டாலும் பக்கத்து இருக்கைக் குழந்தைக்கு வரும். வாந்தியைத் தடுக்கும் மாத்திரைகளில் பல தூக்கத்தை வரவழைக்கும் என்பதால், அவற்றை நேர்காணல் நாளில் முதன்முறையாகச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டாம்.

ஆகவே பழைய உடையில் பயணம் செய்து, கீழே மாற்றிக்கொள்ளுங்கள். கோவையிலோ திண்டுக்கல்லிலோ உறவினர் வீடு இருந்தால் முந்தின நாளே போய்விடுவது எல்லாவற்றிலும் சிறந்தது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், குறிப்பாக அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, குன்னூர் சாலையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்றிவர வேண்டியிருக்கும். அந்த மாதங்களில் முந்தின நாள் இறங்குவதை வசதி என்று நினைக்காமல் அவசியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்குச் செல்பவர்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவுப் பயணம் செய்து, சென்ட்ரல் நிலையத்தின் காத்திருப்பு அறையில் குளித்து மாற்றிக்கொள்ளலாம். கொடைக்கானல்காரர்கள் கொடைரோடு நிலையத்தில் ரயிலேறுவார்கள்.

சட்டையை எடுத்துச் செல்ல எளிய வழி: பொத்தான் போட்டு, கடையில் மடிப்பது போல மடித்து, நடுவே ஒரு செய்தித்தாளை மடித்து வைத்து, பையில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். கால்சட்டையைச் சுருட்டி வைத்தால் கோடு விழாது. சேலைக்கான ரவிக்கை, உள்பாவாடை, ஊக்குகள் மூன்றையும் ஒரே உறையில் போடுங்கள். உள்பாவாடையை வீட்டிலேயே மறந்துவிட்டு மேட்டுப்பாளையத்தில் கடை திறக்கும்வரை காத்திருந்த தங்கை ஒருவர், ‘அண்ணா, நான் மறந்ததை எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்’ என்று சொல்லியிருக்கிறார், சொல்லிவிட்டேன்.

துணியில் புகை வாசனையும் பூஞ்சை வாசனையும் இருக்கிறது. என்ன செய்வது?

இதை வெட்கப்பட்டு யாரும் நேரடியாகக் கேட்பதில்லை. வேறு ஏதோ கேட்பது போலத் தொடங்கி இங்கே வந்து நிற்பார்கள். நம் வீடுகளில் விறகடுப்பும், குளிர்காலத்தில் கணப்பும் இருக்கின்றன. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் கூடலூர், நடுவட்டம் பக்கத்தில் துணி நாள்கணக்கில் காயாது. வீட்டுக்குள், அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் காயவைக்கிறோம். அலமாரியில் ஈரக்காற்று புகுந்து கோட்டின் காலரில் வெள்ளைப் பூச்சு படிகிறது. அதைத் தடுக்க அம்மாவோ பாட்டியோ அந்துருண்டை போட்டு வைக்கிறார்கள். சளி பிடித்தால் நீலகிரித் தைலம். இத்தனையும் சேர்ந்த வாசனைக்கு நம் மூக்கு பழகிவிட்டதால் நமக்குத் தெரியாது. மூடிய, குளிரூட்டிய அறையில் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு முதல் நிமிடத்திலேயே தெரியும்.

ஒரு வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள். உடையைத் துவைத்து, வெயில் வந்த நாளில் வெளியே காயவையுங்கள். வெயிலே வராவிட்டால் அடுப்படிக்குப் பதிலாக, புகை போகாத அறையில் மின்விசிறி போட்டு உலர்த்தி, இஸ்திரிப் பெட்டியால் மீதி ஈரத்தை எடுங்கள். முழுதும் காயாத துணியை மடித்து வைத்தால்தான் புழுங்கல் வாசனை வரும். அந்துருண்டை வாசனை துவைத்தாலும் ஒரே நாளில் போகாது. காற்றோட்டமான இடத்தில் மூன்று நாள்களாவது தொங்கவிட வேண்டும். கோட்டில் பூஞ்சை படிந்திருந்தால் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்த் தூரிகையால் தட்டி, வெயிலில் வையுங்கள். பிறகு, உங்கள் வீட்டில் வசிக்காத ஒருவரிடம் உடையைக் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். வீட்டாரின் தீர்ப்பு செல்லாது.

வாசனைத் திரவியம் தெளித்து மறைக்கலாமே என்பார்கள். புகையின் மேல் மல்லிகை தெளித்தால், மல்லிகை மணக்கும் புகைதான் கிடைக்கும்.

ஷூ விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

என் கதையையே சொல்கிறேன். நான் நேர்காணலுக்குச் சென்றது, கல்லூரி விழா ஒன்றுக்காக வாங்கி இரண்டு ஆண்டு பெட்டியிலேயே வைத்திருந்த கறுப்பு ஷூவோடு. மேலே பளபளப்பாகத்தான் இருந்தது. அந்த நிறுவனத்தின் நீண்ட வராந்தாவில் நடந்துகொண்டிருந்தபோது, கால் தரையில் ஒட்டி ஒட்டி வருவது போல உணர்ந்தேன். திரும்பிப் பார்த்தால், நான் நடந்து வந்த வழி நெடுக, வெள்ளைத் தரையில், நனைந்த கேக்கை உதிர்த்தது போலக் கறுப்புத் துணுக்குகள். அறை வாசலை அடைந்தபோது வலது காலின் அடிப்பகுதி முன்பாதி கழன்று வாயைத் திறந்துவிட்டது. காலைத் தேய்த்தபடியே உள்ளே போனேன். 20 நிமிடமும் அந்த ஷூவை நாற்காலிக்கு அடியில் மறைப்பதிலேயே என் கவனம் இருந்தது. இடம் கிடைக்கவில்லை. அதற்கு ஷூதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்கப்பட்ட கேள்விகளில் பாதி இன்றுவரை எனக்கு நினைவில்லை.

காரணத்தைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பல ஷூக்களின் அடிப்பகுதி பாலியூரித்தேனால் ஆனது. ஈரப்பதமான இடத்தில், பயன்படுத்தாமல் நீண்ட நாள் வைத்திருந்தால், காற்றிலுள்ள நீர் அந்தப் பொருளின் மூலக்கூறுப் பிணைப்புகளை உடைத்துவிடுகிறது. வெளியே ஒன்றும் தெரியாது, எடை விழுந்ததும் உதிர்கிறது. நம் மலையின் ஈரத்துக்கு இது வேகமாக நடக்கும். பெட்டியில் இருக்கும் ஷூவை நேர்காணலுக்கு ஒரு வாரம் முன்பே எடுத்து, இரண்டு கைகளாலும் அடிப்பகுதியை வளைத்துப் பாருங்கள். விரிசல் தெரிந்தாலோ, விரலில் ஒட்டினாலோ அதை நம்ப வேண்டாம். அதன் பிறகு ஒரு நாள் கடைவீதி வரை போட்டு நடந்து வாருங்கள்.

புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: கம்பளிக் காலுறையோடு கடைக்குப் போய் அளவு பார்த்து வாங்கிய ஷூ, கீழே மெல்லிய பருத்திக் காலுறையோடு போட்டால் தொளதொளவென்று இருக்கும். பெண்கள் உயரக் குதிகால் இல்லாத, முன்பக்கம் மூடிய காலணியைத் தேர்ந்தெடுங்கள். நேர்காணலுக்குப் பின் ஆய்வகத்தையோ நோயாளிப் பிரிவையோ சுற்றிக் காட்ட அழைத்துச் செல்வதுண்டு. வீட்டுப் பாதையின் செம்மண் ஷூவில் ஒட்டாமலிருக்க, அதையும் பையில் வைத்துக்கொண்டு, செருப்பிலேயே இறங்கிப் போங்கள்.

வெள்ளைக் கோட் அணிந்து போகலாமா?

வேண்டாம். ஸ்டெதஸ்கோப்பும் வேண்டாம். அவை பணியிடத்துக்கு உரியவை.

நகம், மோதிரம், வளையல், மருதாணி?

சுகாதாரப் படிப்பின் நேர்காணல் மற்ற நேர்காணல்களிலிருந்து வேறுபடும் இடம் இதுதான். எதிரே இருப்பவர்கள் பழக்கத்தால் கையைப் பார்ப்பவர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2009 ஆம் ஆண்டுக் கைச்சுத்த வழிகாட்டுதல், நோயாளிகளைத் தொடுபவர்கள் செயற்கை நகம் வைக்கக்கூடாது, இயற்கை நகத்தின் நுனி 0.5 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் 2007 இல் வந்த வழிகாட்டுதலுக்குப் பிறகு, நோயாளிகளைக் கவனிக்கும்போது முழங்கைக்குக் கீழே சட்டைக்கையோ கடிகாரமோ இல்லாமல் இருப்பது வழக்கமாயிற்று. நேர்காணல் அறையில் யாரும் அளவுகோல் வைக்கப் போவதில்லை; நீங்கள் அந்தத் துறையின் பழக்கங்களை அறிந்தவர் என்பது மட்டும் தெரிந்தால் போதும். நகத்தை ஒட்ட வெட்டி, சாயத்தை அழித்துவிடுங்கள். தேயிலை பறிக்கும் வீட்டுப் பிள்ளைகள் விரல் நுனியில் படிந்த கறைக்காகக் கூச்சப்படுகிறார்கள். எலுமிச்சை தேய்த்துப் பாருங்கள், போகாவிட்டால் விட்டுவிடுங்கள், அது அழுக்கு இல்லை. மருதாணி இருந்தால் இருக்கட்டும். பேசும்போது மேசையில் உரசிச் சத்தமிடும் கண்ணாடி வளையல்களை மட்டும் கழற்றி வையுங்கள்.

வாசனைத் திரவியத்தைப் பொறுத்தவரை, ஆஸ்துமா நோயாளிகளுக்கு அது மூச்சுத்திணறலைத் தூண்டக்கூடும் என்பதால், மருத்துவத் துறையில் பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. குளித்துவிட்டுச் செல்வதே போதுமானது.

திருநீறு, பொட்டு, ஹிஜாப், சிலுவை, தாடி?

அன்றாடம் நீங்கள் எப்படி இருக்கிறீர்களோ அப்படியே செல்லலாம். தாடி இருந்தால் ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள்; பாதி வளர்ந்த தாடியை மட்டும் வழித்துவிடுவது நல்லது. ஹிஜாபுக்குக் கசங்காத, வழுக்காத துணியாகப் பாருங்கள்.

எங்கள் சமூகத்தின் பாரம்பரிய உடையில் போனால் தவறாக நினைப்பார்களா?

நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடிகள் இருக்கிறார்கள். படகர்களின் வெள்ளை உடையும் தனி அடையாளம். பழனி மலையில் பளியர்கள் இருக்கிறார்கள். இந்தச் சமூகங்களிலிருந்து சுகாதாரப் படிப்புக்குச் செல்லும் முதல் தலைமுறையினர் சிலர், தம் உடையை அணிவது சலுகை கேட்பது போலாகுமோ என்று தயங்குகிறார்கள். அப்படி இல்லை. நூலை எண்ணி எண்ணிப் போடும் தோடர் பூத்தையல், 2013 இல் புவிசார் குறியீடு பெற்றது. வெள்ளைப் பரப்பில் சிவப்பும் கறுப்புமாக வரும் அந்த வேலைப்பாடு எந்த அறையிலும் தலைநிமிர்ந்து நிற்கும்.

நடைமுறையில் ஒன்றை மட்டும் யோசியுங்கள். தோடர்கள் போர்த்தும் பூத்துக்குளி கனமான இரட்டைத் துணிப் போர்வை. சமவெளியின் வெயிலில் அதைப் போர்த்தியிருப்பது கடினம். எளிய சேலை அல்லது சட்டையோடு, அதே வேலைப்பாடு கொண்ட மெல்லிய துண்டோ சால்வையோ அணிவது இரண்டுக்கும் வழிவிடும். அதைப் பற்றிக் கேள்வி வரக்கூடும். வந்தால் இரண்டு வாக்கியத்தில் சொல்லத் தயாராக இருங்கள். அந்தக் கேள்வி வருவதை விரும்பாதவர்கள் சாதாரண உடையிலேயே போகலாம். அதுவும் உங்கள் விருப்பமே.

காணொளி நேர்காணல் என்றால் மேல்சட்டை மட்டும் போதாதா?

போதாது. சார்ஜர் கம்பியை எடுக்க எழுந்து நின்ற ஒருவரின் லுங்கியைத் திரையில் பார்த்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதி நேரம் நமக்குக் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்தங்கியிருக்கிறது. அங்கே காலை 10 மணி என்றால் இங்கே இரவு ஏழரை அல்லது எட்டரை. டிசம்பர் இரவில் உதகையில் வெறும் சட்டையோடு உட்கார்ந்தால் முதல் பதிலுக்குள் குரல் நடுங்கத் தொடங்கும். சட்டைக்குள் தெர்மல் பனியன், மேசைக்கு அடியில் கம்பளி, காலில் தடித்த காலுறை என்று திரையில் தெரியாத இடங்களை எல்லாம் சூடாக வைத்துக்கொள்ளுங்கள்; தெர்மலின் கழுத்து மட்டும் காலருக்கு மேலே எட்டிப் பார்க்கக்கூடாது. குளிருக்குக் கோட் இங்கே உண்மையிலேயே உதவும் என்பதால், கோட் வைத்திருப்பவர்கள் தயங்காமல் அணியலாம்.

நெருக்கமான கோடுகளும் சிறு கட்டங்களும் கேமராவில் அலையலையாய் நெளியும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளைச் சட்டை முகத்தை மங்கலாக்கும்; வெளிர் நீலமோ அடர் நிறமோ நல்லது. பகலில் பேசுவதானால் சன்னலை முதுகுக்குப் பின்னால் வைக்காதீர்கள். மூடுபனி நாளில் சன்னல் முழுவதும் ஒரே வெள்ளையாகி, உங்கள் முகம் நிழலாகிவிடும்.

பல அறைகளில் மாறி மாறி நேர்காணல் நடக்கும் என்று எழுதியிருக்கிறார்களே?

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான முறை அது. ஒவ்வோர் அறையிலும் சில நிமிடங்கள் வேறு வேறு சூழல்களைக் கொடுத்துப் பேசச் சொல்வார்கள். நின்று, நடந்து, வாசலில் ஒட்டியதைப் படித்து, உள்ளே போய் உட்கார்ந்து, மீண்டும் எழ வேண்டியிருக்கும். பழகிய ஷூவும், கையில் எதுவும் தூக்கத் தேவையில்லாத உடையும் அங்கே பெரிய உதவி.

சமவெளியிலிருந்து ஊட்டிக்கு நேர்காணலுக்கு வருகிறோம். எங்களுக்கு?

உதகையில் 1980 முதல் மருந்தியல் கல்லூரி இருப்பதாலும், 2022 இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியதாலும், இப்போது இந்தத் திசையிலும் போக்குவரத்து இருக்கிறது. உங்களுக்கு எல்லாம் தலைகீழ். மேலே கனமான ஜெர்கின் போட்டு வந்து அதை எங்கே வைப்பது என்று தவிப்பதைவிட, சட்டைக்குள் ஒரு தெர்மலும், வெளியே அடர் நிறத்தில் கை வைத்த எளிய ஸ்வெட்டரும் போதும். ஸ்வெட்டரோடு உள்ளே போனாலும் இங்கே யாரும் வியப்படைய மாட்டார்கள். டிசம்பர், ஜனவரியில் காலையில் புல்வெளியில் உறைபனி இருக்கும். ஜூன், ஜூலையில் மழை குடைக்குக் கட்டுப்படாமல் பக்கவாட்டில் அடிக்கும். ரெயின்கோட்டும், பையில் மாற்றுக் காலுறையும் கொண்டுவாருங்கள். சான்றிதழ்களுக்குப் பிளாஸ்டிக் உறை போடுங்கள். மங்கி குல்லாவை வாசலுக்கு வெளியே கழற்றிவிட்டுத் தலையைச் சீவிக்கொள்ளுங்கள்.

புதிய உடை வாங்க வசதியில்லை. பழையதோடு போகலாமா?

தாராளமாக. உடையின் விலையைக் கணக்கிடுவதற்காக யாரும் அந்த அறையில் உட்கார்ந்திருக்கவில்லை. செலவு செய்ய ஒரு தொகைதான் இருக்கிறது என்றால், அதைச் சட்டைக்குக் கொடுக்காமல் ஷூவுக்குக் கொடுங்கள். நல்ல தையற்காரரிடம் பழைய கால்சட்டையைக் கொடுத்து இடுப்பையும் நீளத்தையும் சரிசெய்தால் அதுவே புதிதாகிவிடும். இரவல் வாங்குவதிலும் குறைவில்லை. வாங்கியதை அன்றே ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

போகும் வழியில் டீ கொட்டிவிட்டது, பொத்தான் அறுந்துவிட்டது. அப்போது?

பையின் பக்கவாட்டு உறையில் ஊசி நூல், நான்கைந்து ஊக்கு, ஒரு கைக்குட்டை, ஒரு சிறு சோப்பு, ஷூ துடைக்கப் பழைய துணி ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். டீக்கறை பட்டவுடன் குளிர்ந்த நீரால் ஒற்றி எடுங்கள், தேய்த்தால் பரவும். கறை போகாமல் உள்ளே செல்ல நேர்ந்தால், அதைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள். மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருந்தால் இந்தப் பத்திக்கே வேலையில்லை; ஆகவே இரண்டு சட்டை எடுத்துச் செல்லுங்கள், இரண்டையும் முழுவதுமாக இஸ்திரி போட்டு.